வெள்ளியை ஏந்தும் கிராபைட், கம்பியை இழுக்கும் வைரம்

தென்னேரி, காஞ்சிபுரம் வட்டாரத் தறிகளில் ஏறும் சரிகை, நெசவாளர் கைக்கு வருமுன் கரியின் இரண்டு வடிவங்களைத் தாண்டி வருகிறது. வெள்ளியை உருக்கும் மூசை கிராபைட் கலந்தது. அந்த வெள்ளியைத் தலைமயிர் அளவுக்கு மெல்லிய கம்பியாக இழுக்கும் அச்சின் நடுவில் இருப்பது வைரம்.

இரண்டும் கார்பன்தான். வைரத்தை எரித்தாலும், அதே எடையுள்ள அடுப்புக்கரியை எரித்தாலும் ஒரே அளவு கரியமில வாயு வருவதை 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் காட்டினார். பிறகு குணம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரைச் செலுத்தி வைரத்தின் உள்ளமைப்பைக் கண்ட பிறகே விடை தெளிந்தது.

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு திசையில் நான்கு அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் பிணைப்பு எதிர்த்து நிற்கும். கம்பியச்சின் துளையைக் கவனித்தால் இதன் அருமை புரியும். புனல்போல அகன்று தொடங்கி நடுவில் ஒடுங்கும் துளை அது. ஒன்றைவிட ஒன்று சற்றே சிறிய துளைகள் வழியே கம்பி வரிசையாக நுழைந்து மெலிகிறது. உராய்வில் பிறக்கும் சூட்டையும் வைரம் உடனுக்குடன் கடத்திவிடும். வெப்பம் கடத்துவதில் வெள்ளியைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வல்லது. ஆனாலும் வைரம் எல்லாத் திசையிலும் ஒரே கடினம் கொண்டதல்ல. அதனால் ஒற்றைப் படிக வைரத்தில் இட்ட வட்டத்துளை, நாள்பட வட்டம் குலைந்து தேயும்.

கிராபைட்டில் ஓர் அணுவுக்கு மூன்று கூட்டாளிகள்தான். அறுகோணங்களாக இணைந்து தகடு தகடாகப் பரவுகின்றன. தகடுகளுக்கிடையே பிடிப்பு குறைவு. மடித்து அடுக்கிய பட்டுப்புடவைகள்போல நழுவும். பென்சில் எழுதுவது இதனால்தான். இதைக் கண்டு கிராபைட்டை நோஞ்சான் என்று நினைப்பது பெரிய அநியாயம். ஒரே தகட்டுக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்திலோ 0.154. தகட்டுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட வலிமையானது! தகட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள 0.335 நானோமீட்டர் இடைவெளியில்தான் மென்மை ஒளிந்திருக்கிறது.

மூன்று கூட்டாளிகளைப் பற்ற அணுவுக்கு மூன்று எலெக்ட்ரான்கள் போதும். பிணைப்புக்குரிய நான்காவது எலெக்ட்ரான் எங்கே? அது தகட்டின் வழியே உலவுகிறது. அதனால்தான் கிராபைட் மின்சாரம் கடத்துகிறது. வத்திராயிருப்புப் பக்கம் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சக ஆய்வாளர் கங்குலியுடன் சேர்ந்து 1939-இல் இதை அளந்தார். தகட்டின் போக்கில் மின்சாரம் எளிதாக ஓடுகிறது. தகடுகளுக்குக் குறுக்கே தடை பல ஆயிரம் மடங்கு கூடுகிறது. ராமன் விளைவில் துணைநின்றவர் என்றே அவரை நாம் நினைவுகூர்கிறோம்; இந்த ஆய்வையும் பள்ளிப் பாடங்களில் சேர்க்க வேண்டும்.

மீண்டும் மூசைக்கு வருவோம். அதற்கு ஏற்றது செதில் வகை கிராபைட். சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டியெடுப்பது அந்த வகைதான். வெள்ளி உருகும் 962 டிகிரி செல்சியஸில் கிராபைட் உருகாது. காற்றுப்பட்டால் மட்டும் மெல்ல எரிந்து தேயும் என்பதால், களிமண்ணோடு பிசைந்து, மேலே மெருகுப் பூச்சு கொடுத்துச் சுடுகிறார்கள். உருகிய வெள்ளி கிராபைட்டின்மேல் ஒட்டிப் பரவாது. மூசையைச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு வார்ப்பில் இறங்கிவிடும்.