பழமும் பழச்சாறும் ஒன்றல்ல: பெக்டின் சொல்லும் காரணம்

ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் உள்ளிட்ட தெற்காசிய வம்சாவளியினரிடையே இரண்டாம் வகை நீரிழிவு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்நோய் உள்ள பலர் குளிர்பானத்தைத் தவிர்த்துவிட்டு, பழம்தானே என்ற எண்ணத்தில் பழச்சாறு அருந்துகிறார்கள். இந்த எண்ணத்திற்கு அறிவியல் ஆதரவு குறைவு.

பழங்களின் செல் சுவர்களில் பெக்டின் என்ற நார்ச்சத்து உள்ளது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ 1825ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். காலக்டூரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தின் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் சங்கிலியாகக் கோர்த்து அமைந்த கூட்டுச் சர்க்கரை இது. கால்சியம் இச்சங்கிலிகளைப் பிணைப்பதால் காய் உறுதியாக இருக்கிறது. கனியும்போது நொதிகள் அவற்றைச் சிதைக்க, பழம் மென்மையாகிறது.

மனிதக் குடலின் நொதிகளால் பெக்டினைச் செரிக்க இயலாது. பயனும் அதனால்தான் கிடைக்கிறது. நீரை ஈர்த்துக் கூழாகும் பெக்டின், சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. பித்த அமிலங்களையும் தன்னுடன் வெளியேற்றுவதால், புதிய பித்த அமிலம் தயாரிக்க ஈரல் கொலஸ்ட்ராலைச் செலவிட நேர்கிறது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் எஞ்சியதை நொதிக்கச் செய்து, குடலுக்கு நன்மை தரும் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன.

தெளிந்த ஆப்பிள் சாற்றில் இவை பெரும்பாலும் இல்லை. கலங்கலை நீக்குவதற்காக, பெக்டினைச் சிதைக்கும் நொதியை ஆலைகளே சேர்க்கின்றன. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேருக்கு ஆப்பிள், அதன் கூழ், சாறு ஆகியவை தரப்பட்டன. முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாறு அருந்தப்பட்டது. பசி அடங்கியது குறைவு, இன்சுலின் உயர்ந்ததோ அதிகம். சுமார் 1,87,000 அமெரிக்கர்களை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும், முழுப் பழம் உண்பவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், சாறு அருந்துபவர்களிடம் அதிகமாகவும் இருந்ததைக் கண்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை.

பெக்டினை மிகைப்படுத்துவதும் சரியல்ல. கொலஸ்ட்ராலைச் சீராக வைக்க நாளொன்றுக்கு 6 கிராம் தேவை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ஆம் ஆண்டில் கருத்துத் தெரிவித்தது. 100 கிராம் ஆப்பிளில் இருப்பதோ ஒன்று முதல் ஒன்றரை கிராம்தான். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கூறி விற்கப்படும் பெக்டின் தூள்களுக்கு உறுதியான சான்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீரிழிவுக்கான மருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிட்டால், மருத்துவர்கள் பரிந்துரைப்பவற்றில் பழச்சாறும் ஒன்று. வேகத்தைத் தடுக்கும் நார்ச்சத்து அதில் இல்லாததே அப்போது உதவுகிறது.