லாயத்தின் தரை உலர்ந்திருக்க

செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் இராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், அடிவாரத்தில் கலியாண மகாலை அடுத்து வரிசையாக நிற்கும் வளைவுக் கூடங்களையும் பார்த்தல் வேண்டும். அவை குதிரை லாயங்கள் என வழங்கப்பெறுகின்றன. தேசிங்குராஜன் என்று நாட்டுப் பாடல்கள் போற்றும் தேஜ்சிங் 1714-இல் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவர் கதையைச் சொல்வோர் அவருடைய குதிரையையும் மறவாது சொல்வர். குதிரைப் படை மறைந்துவிட்டது. ஆயினும் கால்நடை நிற்கும் தரையைப் பற்றிய கவலை நம்மை விட்டு நீங்கவில்லை.

இதில் நாம் செய்த பிழை ஒன்றை முதற்கண் கூறிவிடுவதே முறை. இவ்வட்டாரத்து அங்கத்தினர் ஒருவர் கடன் பெற்றுத் தம் நிலத்தின் ஓரத்தில் கொட்டகை ஒன்று அமைத்தார். இரண்டு கறவை மாடுகளோடு, கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடும் குதிரை ஒன்றும் அதில் நின்றது. நாம் சென்று கூரையையும் தூண்களையும் அளந்து பார்த்து, திருப்தியென எழுதிக் கையொப்பமிட்டோம். தரையைப் பார்த்தோமில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. கூரை அசையவில்லை; தரையோ சில வாரங்கள் சேறாகவே கிடந்தது. குதிரையின் குளம்படியில் உள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகி, கருநிறச் சீழ் வடிந்தது. ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் கண்டது. தை மாத முகூர்த்தங்கள் அனைத்தும் குதிரை நொண்டியபடியே கழிந்தன. வருவாய் நின்றாலும் தவணை நிற்குமோ?

கூரையில் விழும் நீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர் விழும். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கொட்டகையின் மீது 10 செ.மீ. மழை பெய்தால் 1,800 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தால் 120 குடம். மேற்சொன்ன புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. அவ்வளவு நீரும் கொட்டகையின் காலடியிலேயே விழுந்தால் எந்தத் தரைதான் தாங்கும்? ஆகவே கூரை விளிம்பில் தகரத் தாழ்வாரம் பொருத்தி, நீரைக் குழாய் வழியே தொலைவில் விடுதல் முதல் வேலை. பாறைக் குன்றுகள் நீரை உறிஞ்சாது உடனே வழியவிடுவன. ஆதலின் மேட்டுப் பக்கத்தில் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி, வரும் நீரைச் சுற்றிப் போகச் செய்தல் இரண்டாவது வேலை. வடகிழக்குப் பருவமழையின் சாரல் உட்புகாதிருக்க, கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காகவும், திறந்த பக்கம் தெற்காகவும் அமைதல் நன்று.

தரையின் அமைப்பு

சேற்றின் மேல் கல்லைக் கொட்டுவது வீண். கால் மிதியில் கல் களிமண்ணுள் அமிழ்ந்துவிடும். முதலில் சேற்றை வாரி நீக்கிக் கெட்டித் தரை காணவேண்டும். அதன்மீது சாக்கு நெய்வது போன்று நெய்த பிளாஸ்டிக் துணியையோ, தென்னைநார்க் கயிற்று வலையையோ விரிக்கலாம். பாவும் ஊடும் கலந்த நெசவின் இடைவெளியில் நீர் இறங்கும், கல் இறங்காது. இதன் நயத்தை நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. நார்வலை சில ஆண்டுகளில் மட்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. துணியின் மேல் ஆறங்குலம் கருங்கல் ஜல்லி, அதன்மேல் சரளை, எல்லாவற்றிற்கும் மேல் கல்தூள் என்ற வரிசையில் பரப்பித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். முடிந்தபின் தரை, சுற்றுப்புறத்தைவிட ஓரடியேனும் உயர்ந்து நிற்றல் அவசியம். சிமெண்டுத் தரையாயின் 40 அடிக்கு ஓரடி வீதம் சரிவு கொடுத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுக. வழவழப்பான தரையில் கால்நடை வழுக்கி விழும். வாயிற்புறமே அதிகம் மிதிபட்டு முதலில் சேறாகும் இடமாதலால், அங்கும் சில அடி தூரம் கல் பரப்புதல் வேண்டும்.

அன்றாடக் கவனிப்பு

மழை நின்றாலும் ஈரம் நிற்பதில்லை. கறவை மாடு ஒன்று நாளொன்றுக்குப் 10 லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழிப்பதுண்டு. அது தேங்கினால் நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியா வாயுவாக மாற்றும். கண் எரியும், மூச்சுக்குழல் புண்படும். குனிந்து முகர்ந்து பார்க்கையில் நம் கண் கரித்தால், இரவெல்லாம் அங்கே நிற்கும் வாயில்லாப் பிராணி என் செய்யும்? நனைந்த படுக்கையைக் காலையும் மாலையும் அகற்றி, உலர்ந்த வைக்கோலோ மரத்தூளோ இடுக. இவ்வட்டாரத்தில் மலிவாய்க் கிடைக்கும் வேர்க்கடலைத் தோலும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் பூஞ்சணம் பிடித்ததை ஒருபோதும் இடலாகாது. கழித்த படுக்கை எருக்குழிக்குச் சேரட்டும், அதுவும் வருவாயே. குளம்புகளை நாள்தோறும் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்வதோடு, அழுகல் கண்டால் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுக.

குழித்தறியில் நீர் ஊறினால் தறி நிற்கும் என்பது நெசவாளர் அனுபவத்தில் கண்டது. லாயத்திலும் அவ்விதமே, தரை நனைந்தால் தொழில் நிற்கும். ஜல்லியும் சரளையும் தனித்தனியே வாங்கினால் செலவு மிகும்; அண்டை அங்கத்தினர் நால்வர் சேர்ந்து ஒரு லாரிப் பாரமாக வரவழைத்துப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். கூட்டுறவு என்பது கணக்குப் புத்தகத்தோடு முடிவதன்று.

மேற்கூறிய அங்கத்தினர் இப்போது தரையைத் தோண்டிக் கல் பரப்பிவிட்டார். குதிரையும் தேறிவிட்டது. நாமும் திருந்திக்கொண்டோம்: கொட்டகையைப் பார்வையிடச் செல்லும்போது, அண்ணாந்து கூரையைப் பார்ப்பதற்கு முன் குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் கொட்டகையில் அவ்வாறே செய்து பார்ப்பார்களாக.