காற்றின் எடை – 9
நெய்வேலிக் கரியும் கிரீன்லாந்துப் பனியும்

வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி. காட்டுமன்னார்கோவில் பக்கம் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். அதே கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கணக்கு இல்லாமல் இல்லை. நம் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்துவரும் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நம் மண்ணுக்கு வருவோம்.

இந்த வாயுவை அளக்கப் புகைபோக்கியின் உச்சியில் ஏற வேண்டியதில்லை. எத்தனை டன் எரிந்தது, அதில் கார்பன் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து புதிதாக வெட்டிய பழுப்பு நிலக்கரி கையில் ஈரமாக ஒட்டும். எடையில் பாதி தண்ணீர். வெயிலில் காய்ந்தால் வெடித்து உதிரும். ஒரு டன்னில் கார்பன் ஏறத்தாழ 280 கிலோதான். ஆனால் எரியும்போது 12 கிலோ கார்பன் காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிலோ வாயுவாகிறது. ஆகவே, பாதி தண்ணீரான ஒரு டன் கரியிலிருந்து ஒரு டன்னுக்கும் சற்று அதிகமாகவே கரியமில வாயு கிளம்புகிறது.

நெய்வேலியின் மூன்று சுரங்கங்களுக்கும் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் ஆண்டுத் திறன் 2.85 கோடி டன். முழுவதையும் வெட்டி எரித்தால் சுமார் 2.9 கோடி டன் வாயு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 ஆயிரம் டன். 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளுக்கு விளக்கேற்றிய ஊர் அது. அதைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

“பிச்சாவரம் காடு இதை உறிஞ்சிக்கொள்ளாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்கும் அந்தச் சதுப்புக் காட்டிலும் அளவீடு நடந்திருக்கிறது. மரங்களுக்கு மேலே எழும்பும் கோபுரத்தில் கருவிகள் பொருத்தி, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா, அதில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று நொடிக்குப் பல முறை பதிவு செய்தார்கள். காடு வாங்குவது எவ்வளவு, விடுவது எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும். சுரபுன்னையும் வெண்கண்டலும் உறிஞ்சிய கார்பனில் ஒரு பங்கு சேற்றுக்குள் போய் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. அருமையான காடு. என்றாலும் சுமார் 1,100 ஹெக்டேர்தான். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 55 ஆயிரம் டன். நெய்வேலி முழுத் திறனில் ஓடினால் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடும். பிச்சாவரத்தைக் காக்க ஆயிரம் காரணங்கள் உண்டு. நெய்வேலிக்கு அது ஈடு என்பது அவற்றில் ஒன்றல்ல.

இப்படிக் காற்றில் சேரும் வாயு பூமியைச் சூடாக்குகிறது; அந்தச் சூட்டில் பனி உருகுகிறது. இனி அந்தப் பனிக்கு வருவோம். கிரீன்லாந்தின் பனியை எந்தத் தராசில் வைப்பது? 2002-ல் கிரேஸ் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே பனி கனமாக இருக்கும் இடத்தை நெருங்கும்போது முன்னே போவதை ஈர்ப்பு விசை சற்றே கூடுதலாக இழுக்கும்; இடைவெளி மைக்ரான் கணக்கில் மாறும். அந்த மாற்றத்திலிருந்து பனியின் எடையைக் கணித்தார்கள். 2018 முதல் அடுத்த இரட்டையர் அதே வேலையைச் செய்துவருகிறார்கள். இதுவரை கிடைத்த விடை: கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27 ஆயிரம் கோடி டன் பனியை இழந்துவருகிறது. 36 ஆயிரம் கோடி டன் உருகினால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும்.

அந்தத் தண்ணீர் எல்லாக் கரைக்கும் சமமாகப் போவதில்லை. பெரும் பனிப்பாறை தன் ஈர்ப்பால் சுற்றிலுமுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது. கிரீன்லாந்தை ஒட்டிய கடல் தாழ்கிறது, நீர் தொலைவுக்கு நகர்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கத்துக் கடல்களுக்குச் சராசரியைவிடக் கூடுதலாகவே வந்து சேர்கிறது. நம் கரையோர ஊர்களான கிள்ளையும் பரங்கிப்பேட்டையும் இருப்பது அந்தப் பக்கம். கொள்ளிடத்தில் உப்புநீர் ஏறுவதற்கு மணல் அள்ளியதும் ஆற்றில் நீர் குறைந்ததும் காரணங்கள்தான். கடல் உயர உயர அந்தத் தொல்லை கூடத்தான் செய்யும்.

மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு மின்நிலையத்துக்கும் கரியமில வாயுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நெய்வேலியும் அதில் உண்டு. அந்த எண்ணைத் தமிழில், வீராணத்தின் நீர்மட்டத்தைச் சொல்வதுபோல மாவட்ட மக்களுக்குச் சொல்ல வேண்டும். கடலூர் ஆட்சியர் அலுவலகம் அதைச் செய்யலாம்; செய்யும்வரை, நம் நாளிதழ்கள் செய்யலாம்.

(தொடரும்)