கேட்டல் பரிசோதனைக்குச் செல்லும்போது

பரீட்சை என்றால் படித்துவிட்டுப் போகலாம். கேட்டல் பரிசோதனைக்கு எதைப் படிப்பது? அதில் சித்தியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனாலும் அதன் பெயரைக் கேட்டதுமே நம்மில் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. பிள்ளைக்குச் "செவிடு" என்ற பட்டம் வந்துவிடுமோ என்று பெற்றோரும் தயங்குகின்றனர்.

தரம் 4இல் கற்கும் என் தங்கச்சிக்குச் சொல்வதெழுதலில் எப்போதும் குறைந்த புள்ளிகளே கிடைத்தன. "பாடல்" என்றால் "பாடம்" என்று எழுதுவாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பாள். கவனமில்லாத பிள்ளை என்றே பேச்சு. "புள்ளட காத ஒருக்கா டொக்டர்ட்ட காட்டுங்க" என்று சொன்னவர் எங்கள் உம்மும்மாதான். அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு உம்மாவுடன் நானும் சென்றேன். அங்கு கண்டு, கேட்டு அறிந்தவற்றை நண்பிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன்.

முதலில் வைத்தியர் விளக்குள்ள சிறு கருவியால் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தால் முதலில் அதை அகற்றுவார்கள். அதற்காக வீட்டிலேயே ஈர்க்கோ பஞ்சுக் குச்சியோ விட்டுக் குடைந்துவிட்டுப் போகக்கூடாது.

அடுத்தது, வெளிச்சத்தம் புகாத சிறிய அறை. அங்கே ஹெட்போன் அணிவிப்பார்கள். அது துணியின் மேல் அல்ல, காதின் மேலேயே படிய வேண்டும். எனவே இலகுவாகத் தளர்த்தக்கூடிய பர்தாவை அணிந்து செல்வது நல்லது. காதணியையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்ற நேரலாம். பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என விரும்பினால் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

கையில் ஒரு பொத்தானைத் தருவார்கள். "பீப்" என்ற ஒலி கேட்டால் அதை அழுத்த வேண்டும். ஒவ்வொரு காதாக, 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி வரை சோதிப்பார்கள். ஒலி குறைந்து குறைந்து மறையும். பின் சற்றுக் கூடும். நமக்குக் கேட்கும் மிகச் சிறிய ஒலியைத்தான் தேடுகிறார்கள். ஆகவே மிக மங்கலாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும், ஊகித்து அழுத்தக்கூடாது. தங்கச்சி, பரிசோதித்தவரின் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே கதிரையை மறுபக்கம் திருப்பிவிட்டார்.

பிறகு காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவியை வைப்பார்கள். அதன் ஒலி எலும்பு வழியாக நேரே உட்காதுக்குச் செல்லும். குறைபாடு உட்காதிலா, அதற்கு முன்புள்ள பகுதியிலா என்பதை இதனால் பிரித்தறியலாம். சில வேளை மற்றக் காதில் "ஸ்ஸ்" என்ற இரைச்சலை விடுவார்கள். அதைப் பொருட்படுத்தாமல் "பீப்" ஒலியை மட்டும் கவனித்தால் போதும்.

இன்னொரு சோதனையில் காதுத் துவாரத்தில் மென்மையான அடைப்பானை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். செவிப்பறை எப்படி அசைகிறது என்று அதில் தெரியும். விமானம் ஏறும்போது காது அடைப்பது போலிருக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். எதற்கும் ஊசி இல்லை.

முடிவை ஒரு வரைபடத்தில் குறிப்பார்கள். வட்டம் வலது காது. பெருக்கல் குறி இடது காது. ஏறத்தாழ 20 டெசிபலுக்குள் குறிகள் மேலே நின்றால் கேட்டல் நன்று. கீழே இறங்க இறங்க, கூடிய சத்தம் தேவை என்று பொருள்.

தங்கச்சியின் உட்காதில் குறையில்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. தடிமனுக்குப் பின் சிறுவர்களுக்கு இப்படி ஏற்படுவதுண்டு என்றும், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்றும் வைத்தியர் விளக்கினார். மூன்று மாதங்களின் பின் மீண்டும் வரச் சொன்னார். அதுவரை வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தும்படி கூறினார். வகுப்பாசிரியை மறுநாளே இடம் மாற்றிக் கொடுத்தார். இப்போது சொல்வதெழுதலில் பிழைகள் குறைந்து வருகின்றன.

பரிசோதனைக்கு முதல்நாள் பெருஞ்சத்தத்தையும் ஹெட்போன் பாட்டையும் தவிருங்கள். தடிமனோ காதுவலியோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை அடிக்கடி "என்ன?" என்று திருப்பிக் கேட்டால், பின்னாலிருந்து கூப்பிடும்போது திரும்பாவிட்டால், ஏசுவதற்கு முன் காதைக் காட்டுங்கள். நண்பிகளே, வகுப்பில் டீச்சர் சொல்வது கேட்கவில்லையென்றால் கேட்டதுபோல் தலையாட்ட வேண்டாம். கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.