டிரைவ் ஷாஃப்ட்: எடையைப் பார்ப்பதா, வேகத்தைப் பார்ப்பதா?

ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட டிராக் ரேஸ் காருக்கு எந்த டிரைவ் ஷாஃப்ட் ஏற்றது, எஃகா, அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கால் மைலை, அதாவது 402 மீட்டரை, கடக்கும் பந்தயம் இது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதை விற்பவர்கள் எப்போதும் எடையைத்தான் பேசுகிறார்கள். இலேசான ஷாஃப்டை மாட்டினால் கார் பறக்குமாம்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 10 கிலோ எஃகுக் குழாய், விட்டம் 9 செ.மீ.; பின் அச்சின் கியர் விகிதம் 4.1, டயரின் ஆரம் சுமார் 35 செ.மீ. இந்தக் குழாயைச் சுழலவைக்க ஆகும் கூடுதல் ஆற்றல், காரில் இன்னும் இரண்டரைக் கிலோ ஏற்றியதற்குச் சமம். ஷாஃப்டின் எடை பூஜ்யமே ஆனாலும் மொத்த ஆதாயம் பன்னிரண்டரைக் கிலோதான். ஒன்றரை டன் காரில் இது ஒரு சதவீதம்கூட இல்லை.

பயப்பட வேண்டியது சுழற்சி வேகத்துக்கு. எந்தக் குழாயும் அப்பழுக்கில்லாத நேர்கோடு அல்ல. நடுவில் மயிரிழை வளைவு இருந்தாலும், சுழலும்போது அந்த இடம் வெளியே தள்ளப்படும். குழாயின் விறைப்பு அதை உள்ளே இழுக்கும். தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறிக்கொண்டே போகும். விறைப்போ ஏறுவதில்லை. இரண்டும் சமமாகும் இடம்தான் மாறுநிலை வேகம். அங்கே குழாய் ஸ்கிப்பிங் கயிறாகிவிடும். கயிற்றின் முனைகளைப் பிடித்துச் சுற்றும் இரண்டு சிறுமிகள்தான், ஷாஃப்டின் இரு முனைகளையும் மடங்கவிட்டு இணைக்கும் யூ-ஜாயின்ட்டுகள். கயிறு எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவு அவர்கள் கை இழுபடும். ஜாயின்ட்டின் பேரிங்குகளும் அப்படித்தான் பிய்யும். கயிற்றையே குட்டையாக்கிப் பிடித்தால் அது அடங்கும். ஷாஃப்டைச் சுருக்கினாலும் அதுவே பலன். நடுவில் குதிப்பவள் நிற்கும் இடத்தில் காரின் தளம் இருக்கிறது. தளத்தால் குதித்து விலக முடியாது, அடி முழுவதும் அதன்மேல்தான் விழும்.

வரலாறு சுருக்கமாக: 1869-ல் பொறியியலாளர் ரேங்கின் இதை ஆராய்ந்து, மாறுநிலைக்கு மேல் தண்டு நிலையாக ஓடவே முடியாது என்றார். ஆனால் டி லாவலின் நீராவிச் சுழலிகள் அதற்கு மேலேயே ஓடிக் காட்டின. 1919-ல் ஜெஃப்காட் காரணத்தை விளக்கினார். பந்தயக் காரில் அந்த எல்லையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மெல்லிய குழாயின் மாறுநிலை வேகத்தில் நீளம், விட்டம், யங் குணகத்தை (பொருளின் விறைப்பை) அடர்த்தியால் வகுத்த எண் ஆகிய மூன்றுக்கு மட்டுமே வேலை. சுவரின் தடிமனுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. தடித்தால் விறைப்பும் எடையும் சேர்ந்தே ஏறும். எஃகுக்கு யங் குணகம் 200 கிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. அலுமினியத்துக்கு 69, 2700. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே விடை! டைட்டானியமும் மக்னீசியமும்கூட அதே விடையைத்தான் தருகின்றன. அந்த எண்ணின் வர்க்கமூலம், உலோகக் கம்பிக்குள் ஒலி ஓடும் வேகம். நான்கிலும் நொடிக்குச் சுமார் 5000 மீட்டர்.

ஆக, மூன்றரை அங்குல விட்டம், 1.4 மீட்டர் நீளம் என்றால், எஃகோ அலுமினியமோ, மாறுநிலை நிமிடத்துக்குச் சுமார் 7500 சுற்று. அதே காரில் 71 செ.மீ. விட்டமுள்ள டயரோடு மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் கோட்டைக் கடந்தால் ஷாஃப்ட் 7300-க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். உலோகத்தை மாற்றி இதற்குத் தீர்வு காண முடியாது. விட்டத்தை 4 அங்குலமாக்கினால் எல்லை 8500-க்குப் போகும். மூன்றரை அங்குலத்திலேயே நீளத்தை 10 செ.மீ. குறைத்தாலும் ஏறக்குறைய அதே பலன், ஏனென்றால் நீளம் வர்க்கமாக வருகிறது. அலுமினியத்தின் உண்மையான வசதி, அதிகம் கனக்காமல் பெரிய விட்டத்துக்குப் போகலாம் என்பதுதான்.

கார்பன் ஃபைபர் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. இழைகள் நீளவாக்கில் ஓடினால் அந்த எண் மூன்று மடங்கைத் தாண்டும். ஆனால் முறுக்கைத் தாங்க இழைகளை 45 பாகை சாய்த்துச் சுற்ற வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த இழை மற்றதற்குக் குறையும். முனைகளில் உலோக நுகத்தைப் பெரும்பாலும் பசையால்தான் ஒட்டுகிறார்கள். விளம்பரத்தில் இது வராது.

முறுக்கும் சாதாரணமானதல்ல. எஞ்சின் தரும் 1000 நியூட்டன் மீட்டர், முதல் கியரிலும் டார்க் கன்வெர்ட்டரிலும் பெருகி, கிளம்பும் கணத்தில் 5000-ஐத் தொடலாம். டயர் வழுக்கினால்தான் அது குறையும். பிடிப்பான ஸ்லிக் டயர் வழுக்க மறுக்கும். 6061-டி6 அலுமினியத்தை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 4130 குரோமோலி எஃகை இந்த வேலைக்கு நம்புவேன்.

எதைப் போட்டாலும் முன் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஷாஃப்டைச் சுற்றி எஃகு வளையம் வேண்டும். கால் அங்குலத் தடிமன், 2 அங்குல அகலம் என்று அமெரிக்காவின் என்.ஹெச்.ஆர்.ஏ. விதி சொல்கிறது. ஜாயின்ட் உடைந்து முன்முனை தரையில் குத்தினால் ஓடுகிற காரின் பின்பக்கம் மேலே கிளம்பிவிடலாம்.

வாசகருக்கு என் பதில்: 1.4 மீட்டருக்கு 4 அங்குலக் குரோமோலி. வாங்கும் முன் காருக்கு அடியில் படுத்து, பின் அச்சு மேலும் கீழும் முழுதாக ஏறி இறங்கும்போது அந்தக் குழாய் தளத்தில் இடிக்காமல் சுற்ற இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். இடமில்லை என்றால் கார்பனுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.