புகைபோக்கி தெரியும் நாள்

மெரினா கலங்கரை விளக்கத்தில் லிப்ட் ஏறி மாடத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கீழே விரியும் மணலையும் கடலையும்தான் படம் எடுக்கிறார்கள். நான் முதலில் வடக்கே திரும்புவேன். துறைமுகத்து கிரேன்களுக்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்து வல்லூர் அனல்மின் நிலையத்தின் 275 மீட்டர் புகைபோக்கிகள் தெரிகின்றனவா? நேர்க்கோட்டில் சுமார் 22 கி.மீ.

பூமியின் வளைவு அவற்றை மறைக்காது. நாம் நிற்கும் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். மாடம் 40 மீட்டர் என்று கொண்டால் 22 கி.மீ. சொச்சம். வல்லூரின் தரையே தொடுவானத்தில்தான் இருக்கிறது. சுமார் 44 கி.மீ. தள்ளியுள்ள கும்மிடிப்பூண்டியில் முதல் 36 மீட்டர் உயரம் வளைவுக்குப் பின்னால் போய்விடும். உருக்காலைக் கொட்டகைகள் தெரியாது. அதைவிட உயர்ந்த புகைபோக்கிகளின் நுனி கணக்குப்படி தெரிய வேண்டும்.

ஆனாலும் பல நாட்கள் வல்லூர்ப் புகைபோக்கிகள்கூடத் தெரிவதில்லை. மறைப்பது காற்று. இடையில் மிதக்கும் துகள்கள் வெயிலைச் சிதறடித்து நம் கண்ணுக்கே அனுப்புகின்றன. தொலைவிலுள்ள பொருள்மீது வெள்ளைத்திரை விழுகிறது. கடற்காற்றின் உப்புத்துகள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கும்போது திரை இன்னும் தடிக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் மட்டும் என்றால் சிவப்பு ஃபில்டர் உதவும். அவை நீலத்தைச் சிதறடிப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சிவப்பைச் சிதறடிக்கும். ஊதிய உப்பும் புழுதியும் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடிப்பதால் ஃபில்டரால் பயன் குறைவு.

வானத்தோடு ஒரு பொருளுக்குள்ள ஒளிவேறுபாடு 2 சதவீதமாகக் குறையும் இடமே பார்வை எல்லை என்று 1924இல் ஜெர்மானியர் கோஷ்மீடர் வகுத்தார். அந்த எல்லை 40 கி.மீ. உள்ள நாளில் வல்லூர்ப் புகைபோக்கியின் ஒளிவேறுபாட்டில் 12 சதவீதம் மிஞ்சும். கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டி மீட்டுவிடலாம். எல்லை 10 கி.மீ. என்றால் எந்த லென்ஸாலும் ஆகாது.

ஆகவே நவம்பர், டிசம்பரில் மழை விட்ட காலைக்குக் காத்திருங்கள். மழை துகள்களைக் கழுவியிருக்கும். சூரியனும் தென்வானில், நம் முதுகுப் பக்கம் இருக்கும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் சென்னைக்கு வடக்கே சாய்ந்துவிடுகிறது.

தெரியாத நாளின் படத்தையும் அழிக்காதீர்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே லென்ஸ் என்று எடுத்துவந்தால், புகைபோக்கிக்கும் வானத்துக்குமான வேறுபாட்டிலிருந்து அன்றன்றைய பார்வை எல்லையைக் கணக்கிடலாம். பொன்னேரிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கம்கூட வேண்டாம். மரம் மறைக்காத மொட்டைமாடி போதும். அங்கிருந்து வல்லூர் 16 கி.மீ.தான்.