நிரலும் தொடரமைப்பு மரமும்

ஒரு தொடரின் பொருள் அதன் சொற்களில் மட்டுமன்றி, அச்சொற்கள் ஒன்றோடொன்று இயையும் முறையிலும் தங்கியுள்ளது. திருகோணமலையைப் ‘பெரிய துறைமுக நகரம்’ என்கிறோம். ‘பெரிய’ என்னும் அடை துறைமுகத்துக்குரியதா, நகரத்துக்குரியதா? இரு பொருளுக்கும் இருவேறு கிளைப்பு முறைகள் உள. மனிதர் சூழல் நோக்கித் தெளிவர்; கணினி நிரலில் இத்தகைய ஐயத்துக்கு இடமளித்தலாகாது. எனவே, ஒவ்வொரு தொடருக்கும் ஒரே மரம் அமையுமாறு நிரல்மொழிகளின் இலக்கணம் வகுக்கப்படுகிறது.

இம்மரத்தைப் பெறுதற்கு நிரலாளர் தாமே பகுப்பியை எழுதவேண்டியதில்லை. பைதன் மொழியுடன் வரும் ‘ஏஎஸ்டி’ என்னும் நூலகம் நிரலை வாசித்து மரமாகத் தருகிறது. துறைமுகத்துத் தோணியொன்றில் 20 மூடைகள் உள்ளன. மேலும் 3 வண்டிகள் ஒவ்வொன்றும் 5 மூடைகளைக் கொண்டுவருகின்றன என்க. ‘சுமை = 20 + 3 * 5’ என்ற வரியைக் கொடுத்தால், மரத்தின் ஒரு கிளையில் ‘சுமை’ என்ற பெயரும் மறுகிளையில் கூட்டலும் அமையும். கூட்டலின் கீழ் 20 ஒருபுறமும் பெருக்கல் மறுபுறமும் நிற்கும். பெருக்கலின் கீழ் 3, 5 ஆகியன வரும். விடை 35. கூட்டல் பெருக்கலின் கீழ் அமைந்திருப்பின் விடை 115 ஆகியிருக்கும். நிரலை இயக்காமலே அதன் கட்டமைப்பை ஆராய இம்மரம் துணைபுரிகிறது.

மரம் ஆக்கப்படுமுன் எழுத்துகள் சொற்களாகப் பிரிக்கப்படல் வேண்டும். தமிழுக்கு இடர் நேர்வது இவ்விடத்தேயாகும். யூனிகோட் முறையில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியீடுகள். 2008இல் வெளிவந்த பைதன் 3 அவற்றைக் கொண்ட தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. ஆயின், அம்மொழியின் ‘ரீ’ என்னும் தேடல் நூலகம் ‘சொல்லெழுத்து’ என வகுத்த தொகுதியுள் புள்ளி அடங்காது. அதனை நம்பி எழுதப்பட்ட பிரிப்பி ‘கப்பல்’ என்ற சொல்லைக் ‘கப’, ‘பல’ எனத் துணித்துவிடும். வேரிலேயே சொல் சிதைந்தபின் மரம் எங்ஙனம் செம்மையுறும்?

தமிழ் நிரல் ஏற்கப்படாதபோது குறை தமிழினது எனக் கருதி ஆங்கிலத்துக்கு மாறுவோர் பலர். முத்தையா அண்ணாமலை பைதனில் உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி அக்கருத்தை மறுக்கும் சான்றாகும். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி பயிலும் மாணவர் ஒரு நூலகத்தைத் தெரிவுசெய்யுமுன் ‘கப்பல்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்துச் சோதித்தல் நன்று. எழுத்து எது என்ற வரையறை மனிதர் வகுத்தது, ஆதலின் திருத்தத்தக்கது.